ஒரே நாளின் இரண்டு ஆணைகள்

1950 மார்ச் 1. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட நிறையவில்லை. சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் துப்பாக்கிச் சூட்டில் மடிந்து மூன்று வாரமும் ஆகவில்லை. அன்று சென்னை மாநிலத்தில் இரண்டு ஆணைகள். ஒன்று, 1947 டிசம்பரிலிருந்தே காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் தரப்பட்டது; விசாரணையின்றி அடைத்துவைக்கும் புதிய தடுப்புக் காவல் சட்டப்படி அவர் வெளியே போகக் கூடாது. மற்றொன்று, ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழைப் பற்றியது; அது மாநிலத்துக்குள்ளேயே வரக் கூடாது. இருவரும் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரு வழக்கையும் விசாரித்தவர்கள் அதே ஆறு நீதிபதிகள். மே 19 அன்று கோபாலன் தோற்றார். மே 26 அன்று தாப்பர் வென்றார்.

ஒரே வாரத்தில் நீதிமன்றத்தின் மனம் மாறிவிட்டதா? மாறவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் முதல் வியப்பு அதுதான்.

கோபாலனுக்காக வாதாடிய எம்.கே. நம்பியார், சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்னும் 21-ஆவது உறுப்பு சொல்லும் ‘சட்டம்’ இயற்கை நீதிக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றார். 19-ஆவது உறுப்பு தரும் நடமாடும் உரிமையையும் துணைக்கு அழைத்தார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. சட்டமன்றம் முறைப்படி இயற்றியது எதுவோ அதுவே சட்டம். எழுதாததை நீதிபதி சேர்க்க முடியாது. ஒவ்வோர் உரிமையும் தனி வீடு, நடுவில் வாசல் இல்லை. தாப்பர் வழக்கிலோ, பொதுப் பாதுகாப்புக்கும் பொது ஒழுங்குக்குமாகவே தடை விதித்ததாக மாநில அரசு சொன்னது. பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளைப் பட்டியலிடும் 19(2)-ஐ நீதிபதிகள் பார்த்தார்கள். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, அரசின் பாதுகாப்பைக் குலைத்தல் எல்லாம் இருந்தன. பொது ஒழுங்கு இல்லை. எழுதாததைச் சேர்க்க முடியாது என்ற அதே விதி இப்போது அரசின் கையைக் கட்டியது. அங்கே உரிமை சுருங்கியது. இங்கே கட்டுப்பாடு சுருங்கியது.

இந்த ஒற்றுமை எனக்கு நிம்மதி தரவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், பொது ஒழுங்கைக் காட்டி அரசு ஓர் இதழைத் தடுக்க முடியாது. ஆனால் அதில் எழுதுபவரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். காகிதத்துக்குக் கிடைத்த காவல் உடலுக்குக் கிடைக்கவில்லை. அரசமைப்பை வகுத்தவர்கள் ஓரிடத்தில் கட்டுப்பாடுகளைப் பட்டியலிட்டு, மற்றோரிடத்தில் சுருக்கமாக ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதன் விளைவு இது.

இன்னொரு வியப்பு நீதிபதி ஃபஸல் அலி. இரண்டு வழக்கிலும் அவர் மாறுபட்டார். முதல் வழக்கில் கோபாலனின் பக்கம்: உரிமைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை, தடுப்புக் காவல் நடமாடும் உரிமையையும் நேரடியாகத் தாக்குகிறது என்றார். ஒரு வாரம் கழித்து அரசின் பக்கம்: பொது ஒழுங்கையும் அரசின் பாதுகாப்பையும் அப்படி வெட்டிப் பிரிக்க முடியாது என்றார். முன்னதைப் படித்துவிட்டு அவரைச் சுதந்திரவாதி என்றும், பின்னதைப் படித்துவிட்டு அரசுச் சார்பாளர் என்றும் முத்திரை குத்துவது எளிது. இரண்டிலும் வேலை செய்தது ஒரே மூளை. மற்றவர்கள் சொல் சொல்லாகப் பிரித்த இடத்தில் அவர் முழுமையைப் பார்த்தார். அந்தப் பார்வை சிறையைத் திறக்கச் சொன்னது, இதழுக்கு எல்லையை மூடச் சொன்னது.

கோபாலனின் தோல்வி முழுத் தோல்வியும் அல்ல. தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஒருவர் தன்னை எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்று தடுத்தது. காரணத்தையே சொல்லக் கூடாதென்றால் நீதிபதி எதை வைத்து ஆராய்வார்? அதை ஆறு பேருமே செல்லாததாக்கினர். தாப்பரின் வெற்றியும் முழு வெற்றி அல்ல. 1951 ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம் ‘பொது ஒழுங்கை’ 19(2)-க்குள் கொண்டுவந்தது. தாப்பர் வென்று பதிமூன்று மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. கோபாலன் தீர்ப்புக்கோ அப்படி உடனடி மாற்று எதுவும் வரவில்லை. 1970-இல் வங்கி தேசியமயமாக்க வழக்கில்தான் உரிமைகளைத் தனித்தனியாக அடைத்துவைக்கும் அதன் வாதம் உடைந்தது.

அந்த முதல் திருத்தம் இன்னொன்றையும் செய்தது. 19(2)-இன் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் அதுவரை இல்லாத ‘நியாயமான’ என்ற அடைமொழியைச் சேர்த்தது. தாப்பரின் வெற்றியைப் பறித்த கையே, பேச்சைத் தடுக்கும் எந்தச் சட்டமும் நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்பதற்கு இடம் தந்தது. கோபாலனுக்காக நம்பியார் 21-க்குள் கொண்டுவர முயன்றதும் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான். 1978-இல் மேனகா காந்தி வழக்கில், உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அது 21-க்குள்ளும் வந்துசேர்ந்தது.