நாளுக்கொரு மெழுகுவர்த்தி

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். அத்தியாயத்தின் முடிவில் ‘தொடரும்’ என்று போடுகிறபோதெல்லாம், காத்திருக்கச் சொல்வது எவ்வளவு சுலபம், காத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று நினைத்துக்கொள்வேன்.

காத்திருப்பதற்கென்றே ஆண்டில் ஒரு பருவத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அந்தப் பருவத்துக்கு மேல்நாட்டில் ‘அட்வென்ட்’ என்று பெயர். ‘வருகை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘திருவருகைக் காலம்’ என்கிறார்கள்.

ஆதியில் அது நோன்புக் காலம். ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸைச் சேர்ந்த தூர் நகரத்து பிஷப் பெர்பெத்துவஸ், நவம்பர் 11-ஆம் தேதி வரும் புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரையில் வாரம் மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி விதித்தார். பெத்லகேமில் வந்தவரை நினைப்பதோடு, உலக முடிவில் மீண்டும் வரப்போகிறவரை எதிர்நோக்குவதும் இந்தப் பருவத்தின் பொருளாயிற்று. இன்றும் பல ஆலயங்களில் குருமார் அந்நாட்களில் ஊதா நிற அங்கி அணிவது பழைய தவத்தின் அடையாளமே.

அந்தத் தவத்தில் விளக்கு வந்து சேர்ந்த வரலாறுதான் என் மனத்தைத் தொட்டது.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1808-இல் பிறந்தவர் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன். பதினைந்து வயதில் தகப்பனாரை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்துக்கு உதவியவர். வறுமை குடிகொண்டிருந்த சந்துகளை நேரில் பார்த்த அவர், 1833-இல் ஊருக்கு வெளியே ஹார்ன் என்னும் கிராமத்தில், ஒரு கூரை வீட்டில், திக்கற்ற சிறுவர்களுக்காக ‘ரௌஹெஸ் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். திருட்டில் பழகிய பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். ஆயினும் அந்த இல்லத்துக்கு மதில் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது.

“கிறிஸ்துமஸ் எப்போது வரும்?” என்று பிள்ளைகள் தினமும் அவரைத் துளைத்தெடுத்தார்களாம். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின்மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஞாயிற்றுக்குப் பெரிய வெள்ளை வர்த்தி. மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு வர்த்தி. நாளுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றினார்கள். வடஜெர்மனியில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். எண்ணத் தெரியாத பிள்ளைகூட, நேற்றைவிட இன்று வெளிச்சம் அதிகம் என்று கண்டுகொள்ளலாம் அல்லவா?

பின்னால் சக்கரத்தைப் பச்சைக் கிளைகள் மூடின. வர்த்திகள் நான்காகக் குறைந்தன. புரொட்டஸ்டண்டு இல்லத்தில் பிறந்த வழக்கம், 1925-இல் கொலோன் நகரத்துக் கத்தோலிக்க ஆலயத்திலும் இடம்பெற்றது. மியூனிக் நகரில் கெர்ஹார்ட் லாங் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்களை எண்ணும் காகித நாட்காட்டியை அச்சிட்டார். இன்று அதன் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சாக்லேட் இருக்கிறது. குழந்தைகளின் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விஹெர்னின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேறு.

தமக்கென்று யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகளிடம், ‘ஒருவர் வருவார்’ என்று பிரசங்கம் செய்து என்ன பயன்? சொன்ன சொல் பலிக்கும் என்பதே அவர்களுக்குப் புதிது. “நாளைக்கு இன்னொரு வர்த்தி” என்ற சின்ன வாக்கை ஒவ்வொரு மாலையும் நிறைவேற்றிக் காட்டிய பிறகுதான் பெரிய வாக்கை நம்ப முடியும். அட்வென்டின் சாரம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிமேல் ‘தொடரும்’ என்று எழுதும்போது, அதை வாசகர்களுக்கு இட்ட கட்டளையாக நினைக்க மாட்டேன். அது நான் கொடுத்த வாக்கு.