காங்கேசன்துறையும் சீமெந்துக் கைத்தொழிலும்

ஆற்றங்கரைகளிலே நகரங்களும் கைத்தொழில்களும் வளர்ந்தன என்பது வரலாற்றிற் பரவலாகக் காணப்படும் உண்மையாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. எனினும், குடாநாட்டின் வடகரையிலே காங்கேசன்துறை ஒரு கைத்தொழில் நகராக எழுந்தது. அதற்கு ஆதாரமாயமைந்தது நிலத்தின் கீழுள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லே.

மாவிட்டபுரக் கோயிலுக்குரிய முருகன் திருவுருவம் வந்திறங்கியமையால் இத்துறை காங்கேயன் பெயர் பெற்றது என்பது மரபு. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோது இத்துறை கொழும்புடன் இணைந்தது. கல்லும், துறைமுகமும், புகையிரதமும் ஓரிடத்தே கூடியமை கைத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950 இல், அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலை இங்கு உற்பத்தியைத் தொடங்கியது.

சுண்ணாம்புக்கல் அருகிலேயே அகழப்பட்டது; களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. இரண்டையும் கலந்து, சுழலும் சூளையில் ஏறக்குறைய 1450 பாகை செல்சியசில் எரித்தாற் கிளிங்கர் என்னும் கட்டி கிடைக்கும். அதனுடன் ஜிப்சம் சேர்த்து அரைப்பதே சீமெந்து. பின்னர் காலியில் அமைந்த ஆலை, காங்கேசன்துறைக் கிளிங்கரை அரைத்தே இயங்கியது. வேளாண்மையையும் அரசாங்க உத்தியோகத்தையுமே பெரிதும் நம்பியிருந்த குடாநாட்டுக்கு இத்தொழிற்சாலை புதியதொரு வாழ்வாதாரத்தை அளித்தது.

ஆயின், இந்த ஆக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அக்கல்லே குடாநாட்டின் நீர்த்தொட்டியுமாகும். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, அடர்த்தி மிக்க உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணிப்பு. ஆகவே, மேலே சிறிது குறையின் கீழே பெரிதும் இழக்கின்றோம். கல்லை அகழ்தல் நீரின் உறைவிடத்தையே அகழ்தலாகும். கடற்கரையிலே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி, கல்லும் நீரும் கொண்ட உறவுக்கு அண்மைச் சான்று.

1990 இல் போர் காரணமாகத் தொழிற்சாலை மூடப்பட்டது. சுற்றுவட்டாரக் குடிமக்களும் இடம்பெயர்ந்தனர். 2015 இல் புகையிரதமும், 2023 இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் இத்துறையை வந்தடைந்தன. கைத்தொழிலும் மீள வேண்டுமெனிற் செய்யத்தக்கது யாது? அன்று காலி செய்ததையே இன்று காங்கேசன்துறை செய்யலாம்: கிளிங்கரைக் கடல்வழியே வருவித்து இங்கு அரைக்கலாம். தொழிலுக்கு வேறிடத்துக் கல் உதவும். ஆறில்லா நாட்டின் கிணறுகளுக்கோ இக்கல்லையன்றி வேறு துணையில்லை.