கனம் தந்த பெயர்: சேகரிப்போர் வழக்கில் சிலையும் பொம்மையும்

உருவங்களைச் சேகரிப்போர் தங்கள் அலமாரியை இரண்டு சொற்களால் பிரிக்கிறார்கள். பாலிஸ்டோன் என்ற கலவையில் வார்த்து, வண்ணம் தீட்டி, பீடத்தில் பொருத்தி வருவது ‘ஸ்டாச்சூ’. பிவிசி, ஏபிஎஸ் பிளாஸ்டிக்குகளில் வருவது ‘ஃபிகர்’. தமிழில் சொன்னால் முன்னது சிலை, பின்னது பொம்மை. விலையும் மரியாதையும் வைக்கும் இடமும் இந்தப் பிரிவின்படியே அமைகின்றன. இரண்டும் ஒரே கதைமாந்தரின் உருவமாக இருக்கலாம். ஒரே சிற்பியின் கைவேலையாகவும் இருக்கலாம். அப்படியானால் பிரிவு எங்கே பிறக்கிறது?

மூட்டில் என்பதே வழக்கமான விடை. கைகால் அசைந்தால் பொம்மை, அசையாவிட்டால் சிலை. 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 21 அசையும் பகுதிகள் கொண்ட ஜி.ஐ. ஜோவை வெளியிட்டபோது, ‘டால்’ என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று கருதி ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரைக் கொண்டுவந்தது. அந்தப் பெயரில் அசைவு உண்டு. ஆனால் இன்று ஜப்பானிய நிறுவனங்கள் ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று என்ற அளவில் வெளியிடும் பிவிசி உருவங்கள் பலவற்றுக்கு மூட்டே கிடையாது. பீடத்தில் ஒரே நிலையில் நிற்கின்றன. யாரும் எடுத்து விளையாடுவதில்லை. ஆனாலும் அவை ஃபிகர்தான். மறுபுறம், அமெரிக்காவின் சைட்ஷோ நிறுவனம் பாலிஸ்டோன் உடலுக்குத் துணி உடுத்தி, கால் பங்கு அளவில் விற்கும் வரிசையின் பெயர் ‘பிரீமியம் ஃபார்மட் ஃபிகர்’. பெயரிலேயே ஃபிகர் என்று இருந்தும் வாங்கியவர்கள் அதைச் சிலை என்றே அழைக்கிறார்கள். இவ்விரு சான்றுகளையும் எதிரெதிரே வைத்தால் மூட்டு விளக்கம் நிற்காது. செய்தவர் இட்ட பெயரையும் மீறிப் பொருளே இங்கு வகையைத் தீர்மானிக்கிறது.

பொருள் இதை எப்படிச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொருள் நம் கையைத் தடுக்கிறது. அச்சின் ஆயுளையும் அதுவே வரையறுக்கிறது. அந்தத் தடையையும் அதனால் வரும் அருமையையும் சேகரிப்போர் கலைத்தகுதி என்று எண்ணிக்கொள்கிறார்கள் என்பது என் வாதம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பாலிஸ்டோன் என்பதற்குள் கல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருக்கிறது. நம் ‘சிலை’யும் கல்லைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். வெண்கலச் சிலை என்று நாம் சொல்லும்போதெல்லாம் கல்லின் பெயரை உலோகத்தின் மேல் ஏற்றுகிறோம். சோழர் கல்வெட்டுகள் செம்பில் வார்த்தவற்றைத் திருமேனி என்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஒவ்வொரு திருமேனிக்கும் உயரத்தை விரற்கணக்கில் தருகின்றன, கைகளின் எண்ணிக்கையைத் தருகின்றன. கனமாக வார்த்தது என்பதையும் குறிக்கின்றன. உள்ளே நிரம்பிய வார்ப்பா, உள்ளீடற்றதா என்பது கோயில் கணக்கில் ஏற வேண்டிய செய்தியாக இருந்திருக்கிறது. கையில் எடுத்ததும் சேகரிப்பவர் எடையைச் சொல்லி வியப்பது புதுப்பழக்கம் இல்லை.

ஆனால் அந்தக் கனம் இங்கே எதன் கனம்? பாலிஸ்டோன் என்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பிசினில் கல்தூளைக் கலந்து வார்ப்பது. பிவிசி எண்ணெய் வழியும் உப்பு வழியும் வந்த பிளாஸ்டிக் என்றால், பாலிஸ்டோனின் உடலைப் பிடித்துவைத்திருக்கும் பிசினும் அதே வேதியியல் உலகைச் சேர்ந்ததுதான். கல்தூள் அதற்கு எடையையும், தொட்டால் குளிரும் தன்மையையும், கூடவே நொறுங்கும் குணத்தையும் தருகிறது. மெல்லிய விரலும் வாளின் நுனியும் முதலில் உடையும். அதனால் அதை யாரும் அடிக்கடி தூக்குவதில்லை. தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். கோயிலும் அருங்காட்சியகமும் நமக்குப் பழக்கிய நடத்தை இது. பிவிசி வளையும், விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். அதனால் கை தயங்காமல் நீள்கிறது. தொடலாம் என்பதே அதன் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலண்ட் பார்த் 1957இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ நூலில் பிளாஸ்டிக்கைப் பற்றித் தனியாக எழுதினார். விளையாட்டுப் பொருள்களைப் பற்றிய கட்டுரையில் மரத்தின் தொடுசுகத்தைப் போற்றினார். தொடுதலை அவர் பொருளின் சிறப்பாகக் கண்டார். சிலை சேகரிப்போரோ தொட முடியாமையைச் சிறப்பாகக் கருதுகிறார்கள்.

நம் கொலுப்படி இந்த வரிசையை ஏற்பதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தை கையில் புரண்ட மரப்பாச்சிக்குப் பட்டு உடுத்தி மேற்படியில் வைக்கிறோம். மண்ணில் செய்த தெய்வ உருவங்களுக்கு ஆரத்தி எடுத்து, நவராத்திரி முடிந்ததும் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுகிறோம். பொம்மை என்ற பெயரில் அங்கே தாழ்வு இல்லை.

அச்சின் கதை இன்னும் முக்கியமானது. பாலிஸ்டோனைச் சிலிக்கான் ரப்பர் அச்சில் ஊற்றுகிறார்கள். அந்த ரப்பர் சில பத்து வார்ப்புகளுக்குள் கிழியத் தொடங்கும், நுட்பம் மழுங்கும்; புது அச்சு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் தேய்த்து, ஒட்டி, வண்ணமிட வேண்டும். பிவிசியை உருக்கி எஃகு அச்சில் அழுத்திச் செலுத்துகிறார்கள். எஃகு அச்சுக்கு முதலில் ஆகும் செலவு பெரிது. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். ஆகவே சிலையின் அடியில் பொறித்த ‘இத்தனையில் இத்தனையாவது’ என்ற எண், கலைஞரின் கட்டுப்பாட்டைக் காட்டுவதைவிட ரப்பரின் ஆயுளையும் பட்டறையின் கூலியையும் காட்டுகிறது. சுவாமிமலை ஸ்தபதியின் மெழுகு வார்ப்பில் மண் கருவை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். ஒரு கருவுக்கு ஒரே உரு. அங்கே ஒருமை செய்முறையிலேயே இருக்கிறது. எண்ணிட்ட பாலிஸ்டோன் அந்த ஒருமையின் சாயலைக் கடன் வாங்குகிறது.

சட்டம் இந்த இடத்தில் சேகரிப்போரைவிடத் தெளிவாக நடந்துகொண்டிருக்கிறது. 1926இல் சிற்பி பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலப் படைப்பு நியூயார்க் வந்தபோது, சுங்கத்துறை அதைச் சிற்பமாக ஏற்காமல் உலோகப் பண்டமாகக் கருதி 40 விழுக்காடு வரி கேட்டது. 1928இல் நீதிமன்றம் அது சிற்பமே என்று தீர்ப்பளித்தது. வெண்கலம் என்ற உயர்ந்த பொருள்கூடத் தன்னளவில் ஒன்றைச் சிலையாக்கிவிடவில்லை. இன்று உலக நாடுகள் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் 9703 என்ற தலைப்பு ‘எப்பொருளாலானதாயினும்’ மூலச் சிற்பங்களை உள்ளடக்குகிறது. பெருமளவில் படியெடுத்தவற்றை, கலைஞரே வடிவமைத்திருந்தாலும், விலக்குகிறது. விளையாட்டுப் பொருள்களுக்கான 9503உம் பொருளைக் கேட்பதில்லை. அலங்காரச் சிற்றுருவங்கள் மட்டும் பிளாஸ்டிக்குக்கு ஓரிடம், பீங்கானுக்கு ஓரிடம், உலோகத்துக்கு ஓரிடம் என்று சிதறிக்கிடக்கின்றன. சேகரிப்போர் சிலை என்று போற்றுவது பெரும்பாலும் இந்தச் சிதறிய வகையில்தான் விழும்.

பொருள் பார்வையை எப்படி மாற்றும் என்பதற்குப் பிரெஞ்சுக் கலைஞர் டெகாவின் ‘பதினான்கு வயது நடனச் சிறுமி’யைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1881இல் பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்டுகளின் ஆறாம் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நின்றாள். உடல் வண்ணமிட்ட மெழுகு. தலையில் உண்மையான முடி. இடையில் துணிப்பாவாடை, காலில் துணிக்காலணி, பின்னலில் நாடா. விமர்சகர் பலர் முகம் சுளித்தார்கள். அருங்காட்சியகச் சிற்பத்தோடு ஒப்பிடாமல், உடற்கூறு, விலங்கியல் காட்சிப் பொருள்களோடு சேர்த்துப் பேசினார்கள். டெகா வாழ்ந்தவரை அது வெண்கலமாகவில்லை. 1917இல் அவர் இறந்த பின் வாரிசுகளின் இசைவோடு ஹெப்ரார் வார்ப்பாலை வெண்கலப் படிகளை எடுத்தது. அந்தப் படிகளை உலகம் தயக்கமின்றிச் சிற்பமாக ஏற்றது. ஒன்று 2022இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. சிற்பியின் விரல் பட்டது மெழுகில். பெருவிலை பெற்றது அவர் கண்ணாலும் பார்க்காத உலோகம்.

இதற்கு மறுப்பாக ஜப்பானியக் கலைஞர் முரகாமி தகாஷியைக் காட்டலாம். ஒசாகா பகுதியைச் சேர்ந்த கையோடோ நிறுவனத்தின் பொம்மைச் சிற்பி போமேயோடு இணைந்து அவர் உருவாக்கிய ‘மிஸ் கோ²’ 1997இல் ஆளுயர உருவமாக வந்தது. 2003இல் அதன் ஒரு படி 5,67,500 டாலருக்கு ஏலம் போனது. அது கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக். அப்படியிருக்க, பொருளா தகுதியைத் தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அங்கேயும் உருவம் அலமாரியைவிட்டுத் தரைக்கு வந்தது, கை எட்டாத பொருளாயிற்று, படிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. பிளாஸ்டிக் என்பது மாறவில்லை. பிளாஸ்டிக் நம்மை நடத்தும் விதம் மாறியது. அதே கையோடோ 1999இல் ஃபுருதா நிறுவனத்தின் சாக்லேட் முட்டைக்குள் வைப்பதற்குச் சிறிய விலங்கு உருவங்களைத் தந்தது. அவற்றைச் செதுக்கிய மட்சுமுரா ஷினோபு விலங்கின் தோள் எலும்பையும் நடையின் சாய்வையும் அறிந்த சிற்பி. கட்டைவிரல் அளவு பிவிசியில் அந்த அறிவு முழுதாக இருக்கிறது. பல கிலோ எடையுள்ள பாலிஸ்டோன் வீரர்கள் பலரிடம் அதைக் காண முடியவில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிவிசி நிலைக்காது என்ற குறை உண்மைதான். மென்மையூட்ட அதில் சேர்த்த வேதிப்பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும். வெப்பத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் உருவம் மெல்லச் சாயும். சென்னைக் கோடைக்கு இது புதிய செய்தியல்ல. 1959இல் பிறந்த பார்பியின் பழைய பொம்மைகளில், உலோகத் தோடு பட்ட காது பச்சையாகிப் போனதைச் சேகரிப்போர் நன்கு அறிவார்கள். ஆனால் மெழுகும் உருகும், களிமண்ணும் கரையும். நிலையாமையை வைத்துத் தகுதி பார்த்தால் டெகாவின் மூலத்தையும் தள்ள வேண்டியிருக்கும். அழியக்கூடியது என்பது கூடுதல் கவனத்துக்குக் காரணமாக வேண்டும்.

ஆகவே சேகரிப்போருக்கும், இத்தகைய சேகரிப்புகளை இனி ஏற்கவிருக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் சிலை, பொம்மை என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்தப் பிசின், எந்த அச்சு, எத்தனை படி, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பிவிசியைக் காற்றுப்புகாப் பையில் இறுக்கி அடைக்காமல், வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பெட்டியின் ஓரத்திலோ அடியிலோ, உரிமைக் குறிப்புகளுக்கு நடுவே, செதுக்கியவரின் பெயர் சிற்றெழுத்தில் அச்சாகியிருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.