மாவட்டப் பிரிப்பும் கோப்புகளின் இருப்பும்: பெரம்பலூர், அரியலூரில் தகவல் கோரும் உரிமை

இந்திய மாநிலங்களுள் முதலாவதாகத் தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. விலக்குகளின் பட்டியல் மிக நீண்டிருந்தமையால் அச்சட்டம் ஏறத்தாழப் பெயரளவிலேயே நின்றது. நடுவணரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின்னரே, வட்டாட்சியர் அலுவலகக் கோப்பைக் குடிமகன் காரணம் கூறாமல் கேட்கும் நிலை உருவாயிற்று. இன்று பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். முப்பது நாள்களுக்குள் விடை தருவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. எனினும் கேட்கப்படும் கோப்பு எந்த அலுவலகத்தில் உள்ளது என்பது பெரம்பலூர், அரியலூர் பகுதியில் எளிய வினா அன்று.

1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் 31இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. உடையார்பாளையம் வட்டத்துச் சிற்றூர் ஒன்று, தான் இருந்த இடத்தைவிட்டு நகராமலே, பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறது.

இதன் விளைவை ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்தில் காணலாம். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்துக்காக 1990களின் பிற்பாதியில் நிலம் கையகப்படுத்தப்பட்டபோது அவ்வூர்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தன. திட்டம் நிறைவேறவில்லை, நிலங்களைத் திருப்பித் தருவதென அரசு பின்னர் முடிவெடுத்தது. இழப்பீட்டு ஆணையின் நகலைத் தேடும் குடும்பமோ இன்று அரியலூர் மாவட்டத்தில் வாழ்கிறது. மனு எந்த ஆட்சியரகத்துக்கு? பிரிவு 6(3) இதற்கு வழி சொல்கிறது: தகவல் வேறு பொது அதிகார அமைப்பிடம் இருப்பின், மனுவைப் பெற்றவரே ஐந்து நாள்களுக்குள் அங்கு அனுப்பவேண்டும். அலையும் சுமை மனுதாரருடையதன்று.

இடத்தைக் காட்டிலும் காலமே பெரிய தடை. வருவாய்த்துறையில் முடிவுற்ற கோப்பின் ஆயுளை அதன் எண்ணே சொல்லிவிடும். ஓ.மு. எனில் ஓராண்டு, மூ.மு. எனில் மூன்றாண்டு, ப.மு. எனில் பத்தாண்டு, நி.மு. என்பது மட்டும் நிரந்தரம். மறுபுறம், தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(3), இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகளை நீக்கிவிடுகிறது. ஆகவே, சட்டம் இருபதாம் ஆண்டில் திறக்கும் பதிவறையில் பத்தாண்டு முடிவுக் கோப்புகள் இருக்கவேண்டியதில்லை. வட்டார வரலாற்றாசிரியர்கள் இம்முரணைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. ஒரு கோப்பு முடிக்கப்படும் நாளில் இடப்பட்ட வகைப்பாடே பிற்கால ஆய்வின் எல்லையை வரைந்துவிடுகிறது.

'கோப்பு கிடைக்கவில்லை' என்ற விடையை இப்பின்னணியில்தான் படிக்கவேண்டும். விதிப்படி அழிக்கப்பட்டதும் காணாமற்போனதும் ஒன்றல்ல. தில்லி உயர்நீதிமன்றம் விஸ்வாஸ் பம்பூர்கர் வழக்கில் (2013) இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது: விதிகளின்படி அழிக்கப்பட்டாலன்றி, ஒருகாலத்தில் இருந்த தகவலைக் கிடைக்கவில்லை என்று மட்டும் கூறி மறுக்கவியலாது, முழுமையாகத் தேடவேண்டும், பொறுப்பையும் உறுதிசெய்யவேண்டும்.

எனவே இப்பகுதி குறித்து ஆராய்வோர் கோப்பை மட்டும் கேட்பது போதாது. அக்கோப்பின் எண் பதிவான தன்பதிவேட்டுப் பக்கம், அழிக்கப்பட்டிருப்பின் அதற்கான ஆணை, 2001, 2002, 2007 ஆகிய ஆண்டுகளில் இரு ஆட்சியரகங்களும் ஒன்றுக்கொன்று ஒப்படைத்த கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். ஊரின் பெயரோடு, கோப்பு உருவான ஆண்டில் அவ்வூர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் மனுவில் குறிப்பிடுதல் நன்று.