கண்டவர் எத்தனை பேர்?

பெயர்பெற்ற நிகழ்ச்சி ஒன்றை நேரிற் கண்டவர் தொகை, காலஞ் செல்லச் செல்லக் குறைதலே இயற்கை. கண்டவர் மூப்பெய்துவர், ஒருவர் பின் ஒருவராக மறைவர். ஆனால் உலகில் நடப்பது இதற்கு மாறானது. ஆண்டுகள் கழியக் கழிய, "அன்று அங்கே நின்றோம்" என்போர் தொகை பெருகிக்கொண்டே போகின்றது. இப்பெருக்கத்தில் வஞ்சகம் பெரும்பாலும் இல்லை. பலமுறை கேட்ட செய்தி நாளடைவிற் கண்ட காட்சியாக மனத்தில் உருமாறிவிடுகின்றது. எனினும், வரலாறு எழுதப் புகுவோர் கண்டவரையும் கேட்டவரையும் பிரித்தறிதல் வேண்டும்.

மேல்நாட்டுக் குத்துச்சண்டை வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1926ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜாக் டெம்ப்சியும் ஜீன் டன்னியும் பிலடெல்பியா நகரிற் பொருதியபோது கூடியிருந்தோர் 120,557 பேர். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அவ்விருவரும் சிக்காக்கோவில் மீண்டும் பொருதியபோது 104,943 பேர் கூடினர். வாயிலிற் கணக்கெடுத்த தொகைகள் ஆதலின், இவை ஊகம் அல்ல. ஆயினும் வாயிலைக் கடந்தவர் யாவரும் சண்டையைக் கண்டவர் ஆவரோ? சண்டைமேடையோ ஏறக்குறைய இருபது அடிச் சதுரம். விளையாட்டரங்கின் கடைசி வரிசையில் இருந்தோருக்கு மேடைமேல் நின்ற இருவரும் இரு சிறு புள்ளிகளாகவே தோன்றியிருப்பர்.

சிக்காக்கோச் சண்டையின் ஏழாஞ் சுற்றில் டன்னி வீழ்ந்தார். வீழ்த்தியவர் அப்பாலுள்ள மூலைக்கு விலகிய பின்னரே நடுவர் எண்ணத் தொடங்கல் வேண்டும் என்பது விதி. டெம்ப்சி உடனே விலகவில்லை. ஆகவே, பத்து எண்ணி முடியுமுன் எழவேண்டிய டன்னிக்கு ஏறக்குறையப் பதினான்கு செக்கன் கிடைத்தது. அவர் எழுந்தார், இறுதியில் வென்றார். டெம்ப்சி உடனே விலகியிருப்பின் டன்னி பத்துச் செக்கனுள் எழுந்திருப்பாரோ என்ற வாதம் நெடுங்காலம் ஓயவில்லை. இலட்சம் பேருக்கு மேற்பட்டோர் சூழ்ந்திருந்தும் ஐயம் தீர்ந்தபாடில்லை.

1938ஆம் ஆண்டு ஜூன் 22ஆந் திகதி, நியூ யோர்க் நகரில் ஜோ லூயிசும் ஜேர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங்கும் பொருதினர். அரங்கில் எழுபதினாயிரம் பேர் இருந்தனர். வானொலியிற் கேட்டோரைக் கோடிக்கணக்கில் மதிப்பிட்டனர். சண்டை 2 நிமிடம் 4 செக்கனில் முடிந்தது. இருக்கையைத் தேடிக்கொண்டிருந்தவர் ஒன்றும் கண்டிரார். வீட்டில் வானொலிப் பெட்டியருகே இருந்தவருக்கோ முதலடி தொடக்கம் முடிவுவரை யாவும் செவிக்கு எட்டின.

இவற்றினும் வியப்பானது 1965ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி நிகழ்ந்தது. முகம்மது அலியும் சொனி லிஸ்டனும் இரண்டாம் முறை பொருதிய சண்டை அது. வீழ்ந்து கிடக்கும் லிஸ்டனுக்கு மேல் அலி கைமடக்கி நின்று முழங்கும் நிழற்படத்தை அறியாதவர் சிலரே. ஆனால் அச்சண்டை நடந்தது லூயிஸ்ரன் என்னும் சிற்றூரின் சிறியதோர் அரங்கில். அங்கிருந்தோர் 2,434 பேர் மாத்திரமே. முதலாஞ் சுற்றிலேயே லிஸ்டன் வீழ்ந்தார். வீழ்த்திய அடியைக் கண்டிலோம் என்று அரங்கில் இருந்தவர்களே பலர் கூறினர். உலகம் முழுதும் அறிந்த ஒரு நிகழ்ச்சிக்கு உண்மைச் சாட்சிகள் இத்துணைச் சிலரே.

இனி யாழ்ப்பாணத்தை நோக்குவோம். 1904ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் கல்லூரி ஆகியவற்றின் துடுப்பாட்டப் போட்டி, "வடக்கின் பெருஞ்சமர்" எனப் பெயர்பெற்றது. மைதானத்தினுள் இருப்போரைச் சீட்டைக்கொண்டு எண்ணலாம். மதிலிலும் மரத்திலும் ஏறிப் பார்ப்போரை எண்ணுவது யார்? எனினும் மைதானத்துக்கு எல்லை உண்டு. வேலியும் இல்லாத, வாயிலும் இல்லாத களம் ஒன்று குடாநாட்டுக்கு வடக்கே விரிந்து கிடக்கின்றது. அதுவே பாக்குநீரிணை.

1954ஆம் ஆண்டு மார்ச் மாதம், தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து தமிழகத்துக் கோடிக்கரைக்கு நீந்திச் சென்றார். பாக்குநீரிணையை முதன்முதல் நீந்திக் கடந்தவர் எனப் புகழ்பெற்றவர் அவரே. முப்பது மைலுக்கு மேற்பட்ட அத்தூரத்தைக் கடக்க அவருக்கு 27 மணித்தியாலம் சென்றது. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத காலம் அது. கடல் ஓரளவு அமைந்திருக்கும். ஆயினும் நீரோட்டம் ஓய்வதில்லை.

இச்செயலைக் கண்டவர் எத்தனை பேர்? கணக்கிட்டுப் பார்ப்பின் விடை தெளிவாகும். கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குக் கடல் ஏறக்குறைய மூன்று மைலில் வானோடு கலக்கின்றது. அலைக்கிடையே எழுந்தெழுந்து தாழும் மனிதத் தலையோ அதற்கு வெகு முன்னரே மறைந்துவிடும். துணைசென்ற வள்ளமும் சிறிது நேரத்திற் புள்ளியாகும். அன்றியும், இரவும் பகலும் ஒத்திருக்கும் பருவம் மார்ச் மாதம். 27 மணித்தியாலத்தில் பன்னிரண்டு மணித்தியாலமேனும் இருளிலே கழிந்திருத்தல் வேண்டும். ஆகவே வல்வெட்டித்துறைக் கரையில் நின்றவர் கண்டது புறப்பாடு. கோடிக்கரையில் நின்றவர் கண்டது வருகை. நடுவே நடந்த முழுச் செயலையும் கண்டவர் வள்ளத்திற் சென்ற சிலரே. இருளில் அவர்கள் கண்டதும் கை எறியும் தூரத்து நீரை மாத்திரமே.

இதனை எடுத்துச் சொல்வதால் வீரரின் புகழ் குறைந்துவிடாது. மாறாக, அது வளரும். ஆயிரம் பேர் ஆரவாரிக்கக் குத்துச்சண்டை வீரர் மூன்று நிமிடம் பொருதி ஒரு நிமிடம் இளைப்பாறுவார். கடலில் நீந்துபவருக்கு மணியடிப்போரும் இல்லை, கைதட்டுவோரும் இல்லை. ஊர் முழுதும் கரையில் நின்று எல்லாவற்றையும் கண்டது என்று புனைந்துரைப்போமாயின், ஒருவரும் காணாத இருளில் அவர் தனித்து எறிந்த கைகளை மறைத்தவர் ஆவோம்.

காணாததை நம்பும் பழக்கம் வல்வெட்டித்துறைக்குப் புதிதன்று. அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கரையில் இருந்த உறவினர் எவரும் அதைக் காணவில்லை. கப்பலிற் சென்ற ஊரவர் சிலரின் சொல்லே ஊருக்குப் போதிய சான்றாயிற்று. சாட்சி சிலராயினும், அவர் பொறுப்புள்ளவராயின் உண்மை நிலைக்கும்.

நவரத்தினசாமிக்குப் பின்வந்த வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன், 1971ஆம் ஆண்டு பாக்குநீரிணையை இருவழியும் 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் எனப் போற்றப்பட்ட அவர், 1984ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர்நீத்தார். கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்ற சாதனைகள் அவருடையவை. அப்பதிவேடு கேட்பது பெருங்கூட்டத்தை அன்று. உடனிருந்து நேரம் குறித்தவரின் எழுத்தையே.

எழுத்துச் சான்றின் அருமையை யாழ்ப்பாணம் நன்கறியும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. ஏடு அழிந்த இடத்தில் எஞ்சுவது நினைவே. 1954இல் பத்து வயதுச் சிறுவராய்க் கரையில் நின்றவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்கள் சொல்வதைக் குறித்துவைக்கும் கடன் இளையோருடையது.

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. முதியோரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: எங்கு நின்றீர்கள்? எவ்வளவு நேரம் நின்றீர்கள்? நீங்கள் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது? புறப்பாட்டை மாத்திரம் கண்டவர் அதை மாத்திரம் சொல்லட்டும். மறுநாள் செய்தியாகக் கேட்டவர் கேட்டதாகவே சொல்லட்டும். கேட்டவர் என்பது இழிவான பெயர் அன்று. ஒரு வீரச்செயலைச் செவிவழி ஏற்று, அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பவரும் அதன் சாட்சியே ஆவர்.