மாங்க்ஸ் ஹவுஸ்: நூல் வருவாயில் திருந்திய வீடு

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில், லூயிஸ் நகருக்குத் தெற்கே ஊஸ் ஆற்றுச் சமவெளியை ஒட்டி ராட்மெல் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே மரப்பலகை அறைந்த சுவர்களோடு தெருவோரம் நீளவாக்கில் நிற்கும் பழைய வீடு மாங்க்ஸ் ஹவுஸ். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லெனார்ட் வுல்ஃபும் 1919இல் இதை வாங்கினர். கிறித்தவத் துறவிகள் தங்கியிருந்த இடம் என்று அப்போது சொல்லப்பட்டது. லெனார்ட் பிற்பாடு பழைய பத்திரங்களை எடுத்துப் படித்துப் பார்த்தார். துறவி எவரும் அங்கே இருந்ததில்லை. சாதாரணக் கிராமத்துக் குடும்பங்களே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தன.

அதற்கு முன் ஆற்றின் மறுகரையில் ஆஷம் என்ற வாடகை வீட்டில் அவர்கள் விடுமுறைகளைக் கழித்தார்கள். 1919இல் அதைக் காலி செய்ய வேண்டி வந்தது. அவசரத்தில் லூயிஸ் ஊருக்குள் ஒரு சிறிய வட்ட வீட்டை 300 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் குடியேறும் முன்பே ராட்மெல் வீட்டின் ஏல அறிவிப்பு கண்ணில் பட்டது. 800 பவுண்டுக்கு மேல் போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு ஜூலை 1ஆம் தேதி லூயிஸில் நடந்த ஏலத்துக்குப் போனார்கள். 700 பவுண்டுக்கு வீடு அவர்களுடையதாயிற்று. செப்டம்பர் தொடக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான்களும் புத்தகங்களும் வண்டிகளில் ஏறி ராட்மெல் வந்து சேர்ந்தன.

வாங்கும் முன்பே வர்ஜீனியா வீட்டின் குறைகளைப் பட்டியலிட்டிருந்தார். அறைகள் சிறியவை, தாழ்ந்த கூரை, சமையலறை மோசம், வெந்நீர் இல்லை, குளியலறை இல்லை, கழிப்பறை தோட்டத்துக்குள் இருந்தது. ஆனால் தோட்டத்தின் விரிவையும் மண்வளத்தையும் ஆப்பிள் மரங்களையும் பார்த்ததும் அந்தப் பட்டியல் மதிப்பிழந்தது. பட்டாணியும் உருளைக்கிழங்கும் வரிசை பிடித்து நிற்க, முட்டைக்கோசுக்கு நடுவே பூச்செடிகள் தலைகாட்டும் பழைய பாணித் தோட்டம் அது. வீட்டை வாங்கினார்கள் என்பதைவிடத் தோட்டத்தை வாங்கினார்கள், வீடு கூடவே வந்தது என்று சொல்வதே சரி. குளிர்ந்த நாட்டில் ஈர வீட்டை ஏற்கும் துணிச்சலுக்கு வேறு விளக்கம் கிடைப்பதில்லை.

ஈரம்தான் முதல் பகை. தோட்டம் மேட்டில், தரைத்தளம் பள்ளத்தில். பலத்த மழை பெய்தால் தோட்டத்து நீர் படியிறங்கி உள்ளே வந்துவிடும். செங்கல் தளத்திலும் சுவரிலும் ஓதம் ஏறியபடி இருந்தது. சமையலறையை முதல் ஆண்டுகளிலேயே திருத்திக் கட்டினார்கள். மற்ற வேலைகளுக்குப் பணமில்லை. லண்டனில் அவர்கள் 1917இல் தொடங்கிய ஹோகார்த் பதிப்பகம் அப்போது வீட்டு மேசைமேல் ஓடிய கைத்தொழில். 1924இல் வர்ஜீனியாவின் நூல்கள் ஈட்டித் தந்தது 37 பவுண்டு மட்டுமே.

பணம் வேண்டாத வேலை தோட்டத்தில் கிடந்தது. வாரக் கடைசிகளிலும் ஈஸ்டர் விடுமுறையிலும் கோடையிலும் லண்டனிலிருந்து வந்து இறங்கியதும் லெனார்ட் மண்வெட்டியோடு வெளியே போய்விடுவார். இங்கிலாந்தில் மார்ச் முதல் மே வரையான வசந்தம் தோட்டக்காரரைத் துரத்தும் பருவம். உறைந்த மண் இளகியதும் பாத்தி கொத்த வேண்டும், எருவிட வேண்டும், விதைக்க வேண்டும். அதற்குள் களை முந்திக்கொள்ளும். 1920 மே இறுதியில் இருவரும் நாள் முழுக்கக் களை பிடுங்கியதை வர்ஜீனியா நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நகக்கண்ணில் மண் ஏறிய அந்த நாளை மகிழ்ச்சி என்ற பெயரிட்டே பதிவு செய்திருக்கிறார். மனநோயால் பலமுறை படுக்கையில் விழுந்த ஒருவர் எழுதியது என்பதால் அந்தக் குறிப்புக்குத் தனி எடை உண்டு.

தோட்டத்தில் முடிவெடுப்பவர் லெனார்ட்தான். 1904இல் இலங்கை நிர்வாகப் பணியில் சேர்ந்து ஏழாண்டுகள் அங்கே கழித்தவர். யாழ்ப்பாணத்தில் தொடங்கி, மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை மேற்பார்த்து, கண்டி வழியாக அம்பாந்தோட்டையில் உதவி அரச அதிபராக உயர்ந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1912இல் பணியைத் துறந்து வர்ஜீனியாவை மணந்தபோதும், கச்சேரி எனப்பட்ட அரச அலுவலகத்தின் கணக்கெழுத்துப் பழக்கம் போகவில்லை. செலவான ஒவ்வொரு பென்னியும் ராட்மெல்லிலும் ஏட்டில் ஏறியது. பழமரங்களுக்குக் கவாத்து செய்தார், தேனீ வளர்த்தார், இடிந்த புறக்கட்டடங்களின் சுவர்களையே பூப்பாத்திகளுக்கு எல்லையாக்கினார், ஆலைக்கற்களைப் பாதையில் பதித்தார். விளைச்சலில் மிஞ்சியது விற்பனைக்குப் போனது.

1925இல் ‘மிஸஸ் டாலோவே’, ‘தி காமன் ரீடர்’ என்ற இரு நூல்கள் வெளியாயின. அவற்றின் வருவாய் நேராகக் குழாய்களுக்குள் பாய்ந்தது எனலாம். 1926இல் வெந்நீர் ஏற்பாடும் குளியல் தொட்டியும் இரண்டு நீர்க் கழிப்பறைகளும் வந்தன. கீழ்த்தளத்தில் சிறு அறைகளுக்கு இடையே இருந்த தடுப்பை இடித்து ஐந்து சன்னல்கள் கொண்ட ஒரே கூடமாக்கினார்கள். ஜூனில் வந்து பார்த்த வர்ஜீனியாவுக்கு அது வெற்றி விழாவாக இருந்தது. கூடத்துக்கு அவர் தேர்ந்த நிறம் பச்சை. அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. சில மைல் தொலைவில் சார்ல்ஸ்டனில் வாழ்ந்த அக்கா வனெஸ்ஸா பெல்லும் ஓவியர் டங்கன் கிராண்டும் வரைந்து அலங்கரித்த மேசை நாற்காலிகள் அங்கே சேர்ந்தன.

1928இல் வர்ஜீனியாவின் ‘ஆர்லாண்டோ’ நூல் நன்றாக விற்றது. அதே ஆண்டு, வேறெவரும் வீடு கட்டிக் காட்சியை மறைத்துவிடாதபடி பக்கத்து வயலை வாங்கிப் போட்டார்கள். 1929இல் வீட்டின் ஒரு முனையில் மேலும் கீழுமாக இரண்டு அறைகள் எழுந்தன. கீழறை எழுதுவதற்கென்று திட்டமிட்டது. கடைசியில் வர்ஜீனியாவின் படுக்கையறையானது. வீட்டுக்குள்ளிருந்து அதற்கு வாசல் கிடையாது. மழையோ பனியோ, தோட்டத்தைச் சுற்றித்தான் தூங்கப் போக வேண்டும். அதே ஆண்டு வாங்கிய எண்ணெய் அடுப்பில் அவரே சமைக்கப் பழகினார். ரொட்டி சுடுவதில் அவர் கைதேர்ந்தவர் என்பதைப் பின்னாளில் அந்த வீட்டில் சமையல் செய்த லூயி மேயர் நினைவுகூர்ந்திருக்கிறார். மின்சாரம் 1931இல் வந்தது.

எழுதும் இடம் தோட்டத்துக்குள் ஒரு மரக்கொட்டகை. முதலில் அது கருவிக் கொட்டகை. அதன் பரணில் லெனார்ட் ஆப்பிள்களைத் தரம் பிரித்து அடுக்குவார், கீழே எழுதுபவருக்கு அந்தச் சத்தம் இடைஞ்சல். 1934இல் மாதா கோயில் மதிலோரம் செஸ்ட்நட் மரத்தடியில் புதுக் கொட்டகை அமைந்தது. ஆப்பிள் தொல்லை நீங்கியது. கோயில் மணியும் அடுத்த பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலும் கூடவே வந்தன.

செலவு பற்றிய ஏற்பாடு கவனிக்கத்தக்கது. பொதுச் செலவு போக ஆண்டிறுதியில் மிஞ்சுவதை இருவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அவரவர் பங்கு அவரவர் விருப்பத்துக்கு. அப்படியும் உரசல் வராமல் இல்லை. தோட்டம் கணவரின் நேரத்தையும் பணத்தையும் விழுங்குவதாக மனைவிக்குக் குறை; 1939இல் ஒரு கண்ணாடிக் கூடத்தை எங்கே வைப்பது என்பதில் கசப்பே வந்தது. பெரும்பாலான மாலைகளில் புல்தரையில் பந்துருட்டி விளையாடிப் பொழுதைக் கழித்ததும் இதே தம்பதிதான். ஹிட்லரின் வானொலிப் பேச்சைக் கேட்க மனைவி அழைத்தபோது, ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் கிழங்கு நட்டுக்கொண்டிருந்த லெனார்ட் வர மறுத்தார். அந்த மனிதர் செத்த பிறகும் இவை நெடுங்காலம் பூக்கும் என்பது அவர் பதில். ஹிட்லர் இறந்து 21 ஆண்டுகள் கழிந்த ஒரு மார்ச் மாதத்திலும் அவற்றில் சில பூத்ததாக அவர் தன்வரலாற்றில் எழுதினார்.

1940இல் குண்டுவீச்சில் லண்டன் வீடுகள் சேதமுற்ற பின் ராட்மெல்லே முழுநேர வீடானது. அந்த நவம்பரில் ஆற்றங்கரையைக் குண்டு உடைத்துச் சமவெளி வெள்ளக்காடானது. 1941 மார்ச் 28ஆம் தேதி வர்ஜீனியா ஊஸ் ஆற்றில் இறங்கி உயிர்விட்டார். அவர் சாம்பல் தோட்டத்து எல்ம் மரத்தடியில் புதைக்கப்பட்டது.

லெனார்ட் அதன் பின் 28 ஆண்டுகள் அங்கேயே தோட்டம் வளர்த்தார். கண்ணாடிக் கூடங்களும் கள்ளிச் செடிகளும் பெருகியது அந்தக் காலத்தில்தான். 1960இல் இலங்கைக்குச் சென்று பழைய ஊர்களைப் பார்த்து வந்தார். 1969 ஆகஸ்டில் இறந்தபோது சொத்து அவருடைய தோழியும் ஓவியருமான ட்ரெக்கி பார்சன்ஸுக்குப் போயிற்று. அவரிடமிருந்து 1972இல் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, வருகை எழுத்தாளர்கள் தங்கும் வாடகை வீடாக இருந்தது. 1980இல் தேசிய அறக்கட்டளை பொறுப்பேற்றுச் செப்பனிட்டது. பச்சைக் கூடமும் வெளிவாசல் படுக்கையறையும் எழுத்துக் கொட்டகையும் தோட்டமும் இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன.