முதல் ஜீப்பும் ஒரு கராஜ் வேலைதான்

எங்கட நண்பன் ஒருத்தனுக்குப் பழைய ஜீப் ஒன்று கிடைத்தது. எஞ்சின் ஓடும், மற்றதெல்லாம் கறள். அதைச் சேற்றிலையும் காட்டுப்பாதையிலையும் ஓடக்கூடிய மாதிரித் திருத்தி எடுப்பம் என்று நாலைந்து பேர் சேர்ந்து இறங்கினம். பெரிய ரயர் நாலு வாங்கிப் போட்டால் வேலை முடிஞ்சுது என்றுதான் எங்கட நினைப்பு. கராஜ் அண்ணை கேட்டுப்போட்டுச் சிரிச்சார்.

"பெரிய ரயர் போட்டா அச்சு உடையும். அச்சை மாத்தினா ஸ்ரியறிங் உடையும். ஸ்ரியறிங்கை மாத்தினா அது பூட்டியிருக்கிற சேசி வெடிக்கும். எங்க நிப்பாட்டப் போறியள் எண்டதை முதல்ல யோசிச்சுப்போட்டு வாங்கோ தம்பியவை."

திரும்பி வரேக்க எங்களுக்குள்ளயே ஒரு வாக்குவாதம். "கொம்பனிக்காரன் கணக்குப் பார்த்துச் செய்த வாகனம். அதை வெட்டி, வேற வாகனத்தின்ர அச்சைப் பூட்டுறது பிழைதானே?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஆனால், ஜீப்பின் வரலாற்றைத் தேடி வாசிக்க வாசிக்க அந்தக் கேள்வியே தலைகீழாகிப் போச்சு. முதலாவது ஜீப்பே வேற வாகனத்தின் அச்சைப் பூட்டிச் செய்ததுதான்.

நாற்பத்தொன்பது நாள்

1940 யூன் மாதம் பிரான்ஸ் ஜேர்மனியிடம் விழுந்தது. அமெரிக்க இராணுவத்துக்கு அவசரம் பிடித்தது. நாலு சில்லும் இழுக்கிற, பாரம் குறைந்த, சின்ன வாகனம் ஒன்று வேணும் என்று 135 கொம்பனிகளுக்கு அறிவித்தார்கள். மாதிரி வாகனத்தை 49 நாளில் தரவேணும். அதன் எடை 1,300 இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது. பதில் சொன்னது இரண்டே இரண்டு கொம்பனிகள். ஒன்று வில்லிஸ்-ஓவர்லாண்ட். மற்றது பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற சிறு நகரத்தில் மூடும் நிலையில் கிடந்த அமெரிக்கன் பாண்டம். 49 நாளில் முடிப்பம் என்று ஒத்துக்கொண்டது பாண்டம் மட்டும்தான்.

பாண்டத்திடம் வடிவமைப்புப் பிரிவு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளரை வெளியில் இருந்து கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நாளில் அடிப்படை வரைபடத்தை முடித்தார். ஆனால் வரைபடம் இருந்தால் மட்டும் வாகனம் ஓடாதே. எஞ்சின் வேணும், கியர்பெட்டி வேணும், எல்லாத்துக்கும் மேல அச்சு வேணும். ஒரு அச்சைப் புதிதாக வடிவமைத்து, வார்த்து, பல்லு வெட்டி எடுக்க 49 நாள் எந்த மூலைக்குக் காணும்? அதனால் இருக்கிறதை எடுத்தார்கள். எஞ்சின் கொண்டினென்டல் கொம்பனியுடையது. அச்சைக் கொடுத்தது ஸ்பைசர் கொம்பனி: ஸ்ருடிபேக்கர் சாம்பியன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அச்சை ஜீப்புக்கு ஏற்றமாதிரி மாற்றிக் கொடுத்தார்கள்.

1940 செப்ரெம்பர் 23 அன்று அந்த வாகனத்தைத் தெருவாலேயே ஓட்டிக்கொண்டு போய் மேரிலாண்டில் இருந்த ஹொலபேர்ட் முகாமில் ஒப்படைத்தார்கள். தவணையும் அண்டைக்குத்தான் முடிஞ்சது. எடை சொன்ன அளவை விட நல்லாய்க் கூடிப்போயிருந்தது. இராணுவம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, பிறகு எல்லையையே உயர்த்தியது.

பாண்டத்தின் வரைபடங்களை இராணுவம் வில்லிசுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. கடைசியில் பெரிய ஒப்பந்தம் போனது அவர்களுக்கு. யுத்தம் முடியுமட்டும் அந்த இரண்டு கொம்பனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அது ஜீப்புக்குப் பின்னால் இழுக்கிற ட்ரெயிலர் செய்கிற கொம்பனியாகிப் போச்சு. ஜீப் என்றதும் உலகம் வில்லிசை நினைக்கிறது. பட்லரில் இருந்து அதைப் பூட்டி ஓட்டிவந்த கைகளை நினைக்க ஆளில்லை.

முன்சில்லின் சிக்கல்

பின்னச்சுச் செய்யிறது ஓரளவு சுகம். முன்னச்சுத்தான் வில்லங்கம், ஏனென்றால் நாலு சில்லு இழுவையில் முன்சில்லு இரண்டு வேலை செய்யவேணும்: இழுக்கவும் வேணும், திரும்பவும் வேணும். சில்லு திரும்பும்போது அதைச் சுற்றுகிற ஷாஃப்ட் மடங்கிக்கொண்டே சுற்றவேணும்.

அதுக்குச் சாதாரண சிலுவை மூட்டைப் போட்டால் ஒரு கோளாறு வரும். மூட்டு மடங்கி நிற்கும்போது ஒரு பக்கம் சீராய்ச் சுற்றினாலும் மற்றப் பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு தரம் வேகமாகி, இரண்டு தரம் மெதுவாகும். மடிப்புக் கூடக்கூட வித்தியாசமும் கூடும். சாரதியின் கையில் ஸ்ரியறிங் துடிக்கும், ஷாஃப்டும் களைக்கும். இதைத் தீர்க்க 1920களில் பலர் மண்டையை உடைத்தார்கள். பிரான்சில் பியர் ஃபெனெய், ஜோன்-அல்பேர் கிரெகுவார் இருவரும் 1926இல் 'டிராக்டா' மூட்டைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அல்ஃப்ரெட் றெப்பா ஆறு உருண்டைகளை வைத்து இன்னொரு மூட்டைச் செய்தார். இன்றைக்கு முன்சில்லு இழுக்கிற எந்தச் சின்னக் காரின் அடியில் பார்த்தாலும், ரப்பர் உறைக்குள் இருப்பது பெரும்பாலும் றெப்பாவின் வழியில் வந்த மூட்டுத்தான்.

யுத்தகால ஜீப்புகளில் ஒரே வகை மூட்டு இருக்கவில்லை. சிலதில் றெப்பா, சிலதில் பெண்டிக்ஸ், சிலதில் டிராக்டா. வெளியில் ஒரே ஜீப், முன்னச்சுக்குள்ளே வேற வேற சாமான். கொம்பனி வாகனம் என்றால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது என்று நினைக்கிற எங்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

நடுவில் ஸ்ரியறிங்

யுத்தம் முடிந்த கையோடு உபரி ஜீப்புகள் உலகம் முழுக்கச் சிதறின. இங்கிலாந்தின் ரோவர் கொம்பனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்த மோரிஸ் வில்க்ஸ், வேல்சின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் தோட்டத்தில் அப்படியொரு ஜீப்பை வைத்து வேலை செய்தார். அது பழுதானால் எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்துதான் லாண்ட்ரோவர் பிறந்தது. 1947இல் செய்த முதல் மாதிரிக்கு அடியில் இருந்தது ஜீப்பின் சேசியும் அச்சும். மேலே ரோவரின் எஞ்சின்.

அந்த மாதிரியில் ஸ்ரியறிங் வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை, உழவு இயந்திரம் மாதிரி நட்டநடுவில் இருந்தது. எந்த நாட்டுக்கும் ஒரே வாகனத்தை விற்கலாம் என்பது எண்ணம். ஓட்டிப் பார்க்கச் சரிவரவில்லை, கைவிட்டார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் லாண்ட்ரோவர் வெளிவந்தபோது ஸ்ரியறிங் பக்கத்துக்குப் போயிருந்தது. உடம்பு அலுமினியம். அதுவும் அழகுக்காக இல்லை: யுத்தத்துக்குப் பிறகு இரும்புத் தகடு பங்கீட்டில் இருந்தது.

யப்பானில் ரொயோட்டா 1951இல் தன் 'ஜீப் பிஜே'யைச் செய்தது. பூஜி மலையின் ஆறாம் படிநிலை வரைக்கும் அதை ஏற்றிக் காட்டினார்கள். ஜீப் என்ற பெயர் வேறொருவருடையது என்பதால் 1954இல் அதற்கு லாண்ட் குறூசர் என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தன் செய்ததைப் பார்த்து, இருக்கிற சாமானில் மற்றவன் செய்கிறான். பிறகு அவனவன் பெயரை ஒட்டுகிறான். இதுதான் பெரிய கொம்பனிகளின் கதையும்.

உடைவு இடம் மாறும்

அமெரிக்காவில் உபரி ஜீப் வாங்கியவர்களில் கனபேர் கமக்காரரும் வேட்டைக்காரரும். 1953இல் கலிஃபோர்னியாவின் ரூபிகன் பாதையில் ஜீப்காரர் கூட்டமாய்ப் போகும் 'ஜீப்பர்ஸ் ஜம்போரி' தொடங்கியது. பாதை என்று பேர்தான், உண்மையில் பாறைக்குவியல். அங்க வேகத்துக்கு வேலையில்லை. ஒவ்வொரு சில்லாய்ப் பாறையில் ஏற்றி, ஊர்ந்து ஊர்ந்து போகவேணும்.

அப்பதான் கராஜ் அண்ணை சொன்ன சங்கிலி தொடங்கினது. பாறையில் அடி முட்டாமல் போகப் பெரிய ரயர் வேணும். ரயர் பெருத்தால் அதைச் சுற்ற அச்சில் விழும் முறுக்கும் கூடும். பழைய ஷாஃப்ட் முறியும். அப்ப பெரிய வாகனத்தின் அச்சைத் தேடிப் பழைய இரும்புக்கடைக்குப் போனார்கள். அங்கே அளவுகோலே டேனா கொம்பனியின் இலக்கங்கள்தான். பாண்டத்துக்கு அச்சுக் கொடுத்த அதே ஸ்பைசர்தான் 1946இல் டேனா என்று பெயர் மாறியது. டேனா 30இன் கிறவுண் வீல் ஏறக்குறைய 7.2 அங்குலம், டேனா 44இல் 8.5, டேனா 60இல் 9.75. டேனா 60 ஒரு தொன் பிக்கப்புகளில் வருவது. அதுவும் காணாது என்றவர்கள் இராணுவத்தின் இரண்டரைத் தொன் லொறியின் அச்சையே கழற்றிப் பூட்டினார்கள்.

அச்சு உடையாமல் நின்றால் பாரம் ஸ்ரியறிங்குக்குப் போகும். பாறை இடுக்கில் இறுகின பெரிய ரயரைத் திருப்ப, சின்ன ஸ்ரியறிங் பெட்டியால் ஏலாது. ரைரொட் வளையும், பெட்டியைச் சேசியோடு பிடித்த இடத்தில் வெடிப்பு விழும். பெலத்த ரைரொட் போட்டார்கள். பாறையில் அடிபடாமல் அதை மேலே தூக்கிப் பூட்டினார்கள். எண்ணெய் அழுத்தத்தில் தள்ளுகிற சிலிண்டர் ஒன்றை அச்சிலேயே வைத்தார்கள். போட்டிக்காரர் இன்னும் ஒரு படி போனார்கள்: ஸ்ரியறிங் வளையத்துக்கும் சில்லுக்கும் நடுவில் இரும்புத் தொடுப்பே இல்லை, எண்ணெய்க்குழாய் மட்டும். உழவு இயந்திரத்திலும் பாரந்தூக்கியிலும் இருக்கிற முறைதான் இது. பாறையில் அருமையாய் வேலை செய்யும். தெருவில் வேகமாய்ப் போகேக்க அந்தக் குழாய் வெடித்தால் சில்லைத் திருப்ப வேற வழியே இல்லை.

இன்னொரு விசயமும் இருக்கு. வாகனத்தை உயர்த்தினால் ஸ்ரியறிங் தடி சரிந்து நிற்கும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கிற தடி ஒன்று இருக்குமே, அதோடு ஸ்ரியறிங் தடி சமாந்தரமாய் இல்லாவிட்டால், குழியில் விழும் ஒவ்வொரு தரமும் வாகனம் தானாய் ஒரு பக்கம் இழுக்கும். பெலமான சாமான் வாங்குவது காசு வேலை. இந்தக் கோணத்தைச் சரியாய்ப் பிடிப்பதுதான் அறிவு வேலை. உயிர் தங்கியிருப்பதும் அதில்தான்.

கொம்பனி கராஜிடம் படித்தது

ஐம்பது வருசம் கொம்பனிகள் இதைப் பார்த்துக்கொண்டு இருந்தன. 2003இல் ஜீப் கொம்பனியே 'ராங்ளர் ரூபிகன்' என்று ஒரு வாகனம் விட்டது. முன்னும் பின்னும் டேனா 44 அச்சு, இரண்டிலும் இரு பக்கச் சில்லையும் சேர்த்துப் பூட்டுகிற வசதி, ஊர்ந்து போக மிகத் தாழ்ந்த கியர். கராஜ்காரர் முழங்கையில் கிறீஸ் பூசிக்கொண்டு கண்டுபிடித்த வாய்ப்பாடு அது. பெயர்கூட அந்தப் பாறைப்பாதையின் பெயர்தான். விளம்பரத்தில் கராஜ்காரர் இல்லை.

எங்கட பக்கம்

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளையின் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். இலங்கையின் யுத்தகால வரலாற்றில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதுக்குப் பிறகு இந்த நாட்டில் ஓடிய பழைய வாகனங்களை ஆர் ஆர் எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்ற வரலாறு எங்க எழுதியிருக்கு?

தொண்ணூறுகளில் வடக்குக்குப் பெற்றோல் வர விடாத காலத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடியது. இதையெல்லாம் எங்கட அம்மா அப்பாவை "அந்த நாளில..." என்று சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம். நாங்களும் பகிடிக் கதையாய்க் கேட்டுவிட்டுப் போவம். 49 நாளில் காரின் அச்சை வெட்டி ஜீப் செய்தால் அது தொழில்நுட்ப வரலாறு. கிடைத்த எண்ணெயில் காரை ஓட வைத்தால் மட்டும் பகிடிக் கதையா? இரண்டிலும் இருப்பது ஒரே அறிவுதான். ஒன்றை எழுதி வைத்தார்கள், மற்றதை வைக்கவில்லை. பட்லரின் பாண்டத்துக்காவது ஒரு வரி கிடைத்தது.

எங்கட ஜீப்புக்கு என்ன நடந்தது எண்டு கேட்பியள். பெரிய ரயர் ஆசையை விட்டிட்டம். அச்சை மாற்றவில்லை. ஸ்ரியறிங்கில் தேய்ஞ்ச மூட்டுகள் எல்லாத்தையும் புதிதாய்ப் போட்டு, வெடிப்பு விழுந்த சேசியை ஒட்டி, பழைய அளவு ரயரிலேயே ஓடுறம். எங்க நிப்பாட்டுறது என்ற கேள்விக்கு அதுதான் எங்கட பதில்.

இப்ப ஒவ்வொரு ஞாயிறும் அண்ணையிட்டப் போறம், ஒரு கொப்பியோட. மண்ணெண்ணெய்க் காலத்தில் அவர் எந்தக் காரில் எதை மாற்றினார், எது உடைஞ்சது, எது நின்றது என்று கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறம். உங்கட ஊரிலும் அப்படி ஒரு அண்ணை இருப்பார். அவர் கராஜை மூட முன்னம் போய்க் கேளுங்கோ.